சாயம் நிரம்பாத இடம்

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஆள் புழங்கும் அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று சலவை அறை. மற்றது, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்யும் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்று ஆறு வருஷமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

சலவை அறைக்காரருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் கஞ்சி. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அவர் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தால், உள்ளே ஆள் இல்லாமலே கோட்டு நிற்கும். ஆளும் அதே விறைப்புதான். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இரண்டாவது பெரும்பாலும் வசவாக இருக்கும். ஆவி வெளியேறக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காலியான சோப்புத்தூள் டின் ஒன்றை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பார். ஆவி இந்தப் பக்கம் வந்தால் காகிதம் ஓரம் சுருண்டு பிரிண்டரில் மாட்டிக்கொள்ளும். டைப்பிஸ்ட் அக்கா எழுந்து போய் டின்னைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவாள். பத்து நிமிஷத்தில் டின் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆறு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதைவிட அந்த டின் நகர்ந்த சத்தம்தான் அதிகம்.

அக்காவுக்கு வயது நாற்பத்து நாலு. பத்தொன்பது வருஷமாக அவள் காதில் டாக்டர்களின் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் படத்தைப் பார்த்து ஒலிப்பதிவில் பேசுவார்கள், அவள் காதில் மாட்டிக்கொண்டு அதை அப்படியே தட்டுவாள், காகிதம் தட்டில் சேரும், நாலு மணிக்கு ஓர் ஊழியர் வந்து தட்டை வார்டுகளுக்கு எடுத்துப் போவார். வேலை இவ்வளவுதான். காலை ஆறரைக்கு வந்தால் மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பலாம். அந்த இரண்டரை மணி அவளுக்குச் சம்பளத்தைவிட முக்கியம். வீட்டில் மாமனார் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். படுத்தபடி இருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தால் போதும், எழுந்து நிற்கப் பார்ப்பார். ஒருமுறை நின்று, விழுந்து, இடுப்பு எலும்பு தப்பியதே பெரும்பாடு. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், மாலை ஷிப்ட். மூன்றரைக்கு அவர் செருப்பு மாட்டுவதற்குள் இவள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். இப்படியே நாலு வருஷமாகப் பெரியவர் தனியாக இருந்ததில்லை.

தட்டச்சு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட பழைய தாள். அதில் ஏழு சொற்கள். அவற்றில் ஏதாவது ஒன்று டாக்டரின் குரலில் வந்துவிட்டால் ரிப்போர்ட் தட்டில் போய் உட்காரக் கூடாது. தட்டுவதை நிறுத்திவிட்டு அந்த வார்டுக்குப் போன் போட வேண்டும், வரியை வாசிக்க வேண்டும், அந்த வரியையும் நேரத்தையும் கேட்டவர் பெயரையும் சிவப்பு நோட்டில் எழுத வேண்டும். ஓய்வுபெற்றுப் போன பெரிய டாக்டர் ஏற்படுத்திய வழக்கம் அது. ஏழில் இரண்டாவது சொல், எம்போலிசம்.

தாளை ஒட்டிய அன்றே அக்கா அவரிடம் கேட்டிருந்தாள், ரத்தக்கட்டு என்பதற்கு எதற்கு இரண்டு பெயர் என்று. பெரிய டாக்டர் போகிற போக்கில் பதில் சொன்னார். "ரத்தம் உறைஞ்சு, உறைஞ்ச இடத்துலயே இருந்தா த்ராம்பஸ். அதுவே பிச்சுக்கிட்டுக் கிளம்பி ரத்தத்தோட போனா எம்போலஸ். போய் எங்கயாவது அடைச்சா அது எம்போலிசம். கால்ல பொறந்தது நுரையீரல்ல வந்து நிக்கும். முதல்ல வந்தது சின்னதா இருந்தா ஆள் பொழைச்சுக்குவான். பின்னாடியே வர்றது எவ்வளவு பெரிசுன்னுதான் யாருக்கும் தெரியாது. அதனாலதான் இந்த வார்த்தை வந்தா தட்டுல வைக்காதேங்கறேன்."

அந்தப் பெரிய டாக்டர் போனபின் வந்தவரை யாரும் பார்த்ததில்லை. அவர் வேறு ஊரில் உட்கார்ந்து நாலு ஆஸ்பத்திரிகளின் படங்களைப் பார்ப்பவர். இங்கே அவர் குரல் மட்டும்தான் வரும். அதனால் குரல் டாக்டர். ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த நோயின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார். படத்தில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்வார். அது என்னவென்று முடிவு கட்டுவது வார்டு டாக்டரின் பாடு. எலும்பு இரண்டாக உடைந்திருந்தால்கூட, 'தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறது' என்பார். ஒவ்வொரு ரிப்போர்ட்டும், 'நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்' என்றுதான் முடியும். அவர் வந்து ஏழு மாதத்தில் சிவப்பு நோட்டு நாலு பக்கம்கூட நகரவில்லை. அதை ஒருத்தரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஊரில் ஆரோக்கியம் கூடிவிட்டது போல என்று சூப்பர்வைசர் வேடிக்கையாகச் சொன்னார்.

மூன்று மாதம் முன்பு அக்கா ஒரு வம்பில் மாட்டியிருந்தாள். ஒரு ரிப்போர்ட்டில் குரல் டாக்டர் ஒன்பது இடத்தில் வலது சிறுநீரகம் என்று சொல்லிவிட்டுப் பத்தாவது இடத்தில் இடது என்றார். வாய் தவறிவிட்டது, வேறென்ன. அக்கா வலது என்று தட்டிவிட்டாள். விஷயம் மேலே போனது. சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு மெமோ கொடுத்தார்.

"நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் மெமோவோட விட்டேன். டாக்டர் சொல்றதைத் தட்டறதுதான் நம்ம வேலை. யோசிக்கிறதுக்கு மேல ஆள் இருக்காங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களை வாசல்ல வண்டி டோக்கன் கொடுக்கற கூண்டுக்கு மாத்திடுவாங்க. அது மதியத்துலருந்து ராத்திரி எட்டு வரைக்கும்."

அன்றிலிருந்து அக்கா யோசிப்பதைக் குறைத்துக்கொண்டாள். குறைத்துக்கொள்ள முடிந்ததா என்பது வேறு விஷயம்.

கஞ்சிக்கு அதற்கப்புறம் கணுக்கால் எலும்பு முறிந்து, ஐந்து வாரம் மாவுக்கட்டு. சலவை அறைக்குத் தற்காலிகமாக வந்தவர் கதவைப் பற்றிக் கவலையே படாதவர். ஐந்து வாரமும் கதவு சாத்தியே கிடந்தது. அக்காவுக்கு நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் டின் மூலையில் சும்மா கிடப்பதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. கட்டைப் பிரித்து ஒரு திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார். ஒன்பது மணிக்கு டின் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்த் தள்ளிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை அவர் படியேறும்போது மூச்சு வாங்கி, நெஞ்சில் சுருக்கென்று குத்தி, நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். வார்டில் படுக்கவைத்து, ஊசியில் சாயம் ஏற்றி நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் ஆள் தேறிவிட்டார். கட்டில் வேறு ஒருவருக்குத் தேவைப்பட்டது. ஊழியர்தானே, எங்கே ஓடிப்போகிறார்; ரிப்போர்ட் வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. மதியம் ஒன்று பத்துக்கு அன்றைய பதினேழாவது ஒலிப்பதிவை ஓடவிட்டாள். தலைப்பில் வயது ஐம்பத்திரண்டு, ஆண், சலவைப் பிரிவு ஊழியர், காலையில் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் என்று இருந்தது. விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டினாள். குரல் டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். இதயத்தின் அளவு சரியாக இருக்கிறது. நுரையீரலைச் சுற்றி நீர் இல்லை. 'வலது நுரையீரல் தமனியின் கீழ்க்கிளையில் சாயம் நிரம்பாத ஒரு பகுதி தெரிகிறது. நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்.'

அவள் அந்த வரியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். ரத்தக் குழாயில் சாயம் ஏற்றினால் குழாய் முழுக்க நிரம்ப வேண்டும். ஓரிடத்தில் நிரம்பவில்லை என்றால் அங்கே ஏற்கெனவே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வாரம் அசையாமல் கிடந்த கால். சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். ஏழு சொற்கள் இருந்தன. சாயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. சட்டப்படி இந்தக் காகிதம் தட்டில் போய் உட்கார வேண்டும். நாலு மணிக்கு மேலே போகும். ஐந்து மணிக்கு வார்டு டாக்டர் சுற்று வருவார், பார்ப்பார்.

குரல் டாக்டரின் எண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார், படம் பார்க்கும் நேரத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். வார்டுக்குப் போட்டாள்.

"சிஸ்டர், ரிப்போர்ட் ரூம். காலைல ஸ்கேன் எடுத்த சலவைக்காரர் ரிப்போர்ட்ல ஒரு வரி வாசிக்கணும்."

"லிஸ்ட்ல உள்ளதா?"

"இல்ல. ஆனா..."

"லிஸ்ட்ல இல்லன்னா எழுத்துல அனுப்புங்கக்கா. இங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். அவரை வேற அப்பவே அனுப்பியாச்சு."

"அனுப்பிட்டீங்களா?"

"நல்லா இருந்தாரு, எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த வரிக்கு என்ன அர்த்தம், சீரியஸா?"

பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் அர்த்தம் கேட்டதில்லை. வாய்வரைக்கும் வந்தது. மெமோ கண்முன் நின்றது. மாமனார் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழப் பார்ப்பதும் கூடவே நின்றது.

"அர்த்தம் நான் சொல்லக் கூடாது சிஸ்டர்" என்றாள். சொன்ன வாயை அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அப்புறம் என்னக்கா, அஞ்சு மணிக்கு டாக்டர் வந்து பாத்துக்குவாரு" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. பூட்டுச்சாவியைத் தேடி இழுப்பறையை உருட்டும் சத்தம். கஞ்சி வீட்டுக்குப் போவதற்கு முன் அறையைப் பூட்ட வந்திருக்கிறார். இனி முப்பத்திரண்டு படி ஏறிப் போக வேண்டும். லிஃப்ட் நோயாளிகளுக்கும் துணி வண்டிகளுக்கும் மட்டும். அவர் இப்போது நோயாளியும் இல்லை, துணியும் இல்லை.

அக்கா எழுந்தாள். கதவைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டி அவள் கால் வைத்தது அன்றுதான்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியோடு நின்றார். முகம் வெளிறியிருந்தது. அவளைப் பார்த்ததும் டின்னைப் பார்த்தார்.

"கதவைத்தானே மூடணும்? மூடிக்கோங்க. நான் கிளம்பிட்டேன்."

"அண்ணே, படி ஏறாதீங்க. கொஞ்சம் உக்காருங்க."

"எதுக்கு?"

"உங்க ரிப்போர்ட் வந்திருக்கு."

"சிஸ்டர் ஒன்னும் இல்லன்னாங்க."

"சிஸ்டர் இன்னும் பாக்கல. நான்தான் பாத்தேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"பின்ன என்ன" என்று அவர் படிப்பக்கம் திரும்பினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள். ஆறு வருஷமாகக் கதவைச் சாத்தியவள் திடீரென்று வந்து உட்காரச் சொன்னால் எவன் நம்புவான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மூலையில், மாடிகளிலிருந்து அழுக்குத் துணி வந்து விழுகிற தகரக் குழாயின் வாய் தெரிந்தது. நாலாவது மாடியில் போட்டால் நேராக இங்கே கூடையில் விழும். எப்போதாவது முதல் மாடி வளைவில் துணி சிக்கிக்கொள்ளும். அப்போது கஞ்சி குழாய்க்குள் தலையை விட்டு, மேலே யாரும் எதையும் போடாதீர்கள் என்று கத்துவது சுவர் தாண்டி அவள் காதில் விழும், காதில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே விழும்.

"அண்ணே, மேல போட்ட போர்வை முதல் மாடி வளைவுல சிக்கினா என்ன ஆகும்?"

அவர் நின்றார். தொழில் சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக அவரால் முடியாது. "பின்னாடி வர்றதெல்லாம் அது மேலயே விழுந்து இறுகும். குழாய் மொத்தமா போயிடும்."

"சிக்கினதும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

"யாரும் ஒன்னும் போடாதீங்கன்னு கத்துவேன். அசைக்கக் கூடாது. அசைச்சா அடுத்தது வந்துடும்."

"உங்க கால்ல அஞ்சு வாரம் ரத்தம் கட்டிக் கிடந்திருக்கு. அதுல ஒரு துண்டு கிளம்பிப் போய் நெஞ்சுக்குள்ள குழாய்ல சிக்கியிருக்கு. அதுக்குப் பேரு எம்போலிசம். காலைல படில உங்களை உக்கார வெச்சது அதுதான். கால்ல இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியாது. நீங்க இப்ப நடந்தா அது கிளம்பும்."

கஞ்சி குழாயின் வாயைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"சிக்கியிருக்கறது போர்வையா, தலையணை உறையா?"

"தலையணை உறையாத்தான் இருக்கணும். இல்லன்னா நீங்க இப்படி நின்னு பேசமாட்டீங்க."

அவர் மடித்து வைத்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, உடையும் பொருளை வைப்பது போல நேராக நீட்டி வைத்தார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்.

சலவை அறைச் சுவரில் போன் இருந்தது. வார்டுக்குப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போட்டாள்.

"கீழ்த்தளம், சலவை அறை. எம்போலிசம். ஆள் நினைவோட இருக்காரு. நடக்க விடக் கூடாது, ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க."

"எந்த டாக்டர் சொன்னது?"

அவள் கஞ்சியைப் பார்த்தாள். அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

"டாக்டர் சொல்லல. நான் சொல்றேன். ரிப்போர்ட் ரூம் டைப்பிஸ்ட். என் பேரையும் நேரத்தையும் எழுதிக்கோங்க."

நாலே நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. லிஃப்டில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தொடையிலிருந்து கணுக்கால் வரை ரத்தக்கட்டு இருந்ததாக அன்று மாலையே தெரிந்தது. இன்னும் ஒரு மாடிப்படி தாங்கியிருக்காது என்று அவசரப் பிரிவு டாக்டர் சொன்னாராம். ரத்தத்தை இளக்குகிற ஊசி போட்டுப் பதினோரு நாள் படுக்கவைத்தார்கள்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. குரல் டாக்டர் விசாரணைக்கும் குரலாகவே வந்தார். "நான் தெளிவா சொல்லியிருக்கேனே. சாயம் நிரம்பலைன்னா வேற என்ன அர்த்தம்? படிச்ச யாருக்கும் தெரியுமே. நீங்க உடனே கூப்பிட்டுச் சொல்லியிருப்பீங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தாள் சுவரில் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. வார்டு சிஸ்டர் லிஸ்டில் இல்லை என்றார். அதிலும் பொய் இல்லை. எல்லோரும் சரியாகவே நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தட்டச்சர் வேலையைத் தாண்டி நோயின் பெயரைச் சொல்லியிருந்தாள்.

பாராட்டுக் கடிதமும் இடமாற்ற உத்தரவும் ஒரே கவரில் வந்தன. சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அவள் வீட்டுக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் மடித்து வைத்தார். மறுநாள் டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி, யாரும் விரும்பாத அதிகாலை முதல் நடையை வாங்கிக்கொண்டார். விடியுமுன் கிளம்பிப் பதினொன்றரைக்குத் திரும்புகிறார். அவர் உள்ளே வர, அவள் வெளியே போகிறாள். மாமனாருக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், அவ்வளவுதான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள வேண்டியதெல்லாம் வாசற்படியில் முடிந்துவிடுகிறது.

குரல் டாக்டர் இப்போது முன்ஜாக்கிரதையாகிவிட்டார் என்று கேள்வி. எந்தப் படமானாலும், 'எம்போலிசம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் இல்லையென்று உறுதியாகக் கூற இயலாது' என்று சேர்த்துக்கொள்கிறாராம். சொல் வந்துவிட்டால் போன் போட வேண்டுமே. புதிதாக வந்த தட்டச்சர் ஒரு நாளைக்கு நாற்பது போன் போடுகிறார். சிவப்பு நோட்டு வாரத்துக்கு ஒன்று தீர்கிறது. வார்டில் பாதி நேரம் எடுப்பதில்லை. எடுத்தாலும், சரி சரி, என் பேரை எழுதிக்கோங்க என்று வரியைக் கேட்காமலே வைத்துவிடுகிறார்கள். இதைக் கேட்ட அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கஞ்சி இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கனமான வேலை கூடாது என்று மதிய ஷிப்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். முதல் நாள் வண்டியைக் கூண்டின் முன் நிறுத்தி, டோக்கனுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். நன்றி என்றோ, உங்களால்தான் என்றோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவரிடம் எதிர்பார்க்கிறவர் ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. டோக்கனை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

"மாத்திரை போட்டாச்சு" என்றார். "ரத்தம் உறையற டெஸ்ட் ரெண்டு புள்ளி நாலு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கணுமாம்."

"சரிண்ணே."

"படி ஏறல. லிஃப்ட்டுக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க."

சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்து சொன்னார். அதற்கடுத்த நாளும். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. அவர் போனபின் அவள் டோக்கன் பதிவேட்டைப் பின்பக்கம் திருப்பி, பழைய சிவப்பு நோட்டில் போலவே மூன்று கட்டம் போட்டு எழுதுகிறாள். என்ன சொன்னது, எத்தனை மணிக்கு, கேட்டது யார். கடைசிக் கட்டத்தில் தினமும் அவள் பெயர்தான்.